ஒரு குப்பி மீன் இல்லாத மீன்சாறு

எங்கள் தெருவுக்குக் காலை ஏழரைக்கு மீன்காரி வந்துவிடுவார். தலையில் அலுமினியச் சருவம், அதன்மேல் ஈரச்சாக்கு. "சாளை… நெத்தோலி…" என்ற கூப்பாடு முக்கு திரும்பும்போதே கேட்கும். எங்கள் நடைக்கு வந்ததும் மட்டும் குரலைத் தணித்து, "பெரியம்மா, சொகமா?" என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டுவார். முப்பது வருஷப் பழக்கம். இந்த வீட்டில் ஒரு மீன்கூட விலைபோகாது என்று அவருக்குத் தெரியும்.

ஆனால் எந்த வீட்டில் என்ன மீன் என்று பெரியம்மைக்குத் தெரியும். திண்ணையில் உட்கார்ந்தபடியே, "அவ இன்னைக்கு அயிலை பொரிக்கா," என்பாள். "அங்க சாளையில புளி தூக்கலாப் போச்சு," என்பாள். வாழ்நாளில் ஒரு துண்டு மீனை நாக்கில் வைக்காதவள். நாகர்கோவிலைச் சுற்றி சைவமாக இருக்கிற எங்களைப் போன்றவர்களின் நிலைமை இதுதான். நாக்குக்குத் தெரியாதது மூக்குக்கு அத்துப்படி.

இந்த மூக்கைக் கூட்டிக்கொண்டுதான் போன மாதம் ஒரு வியட்நாம்–தாய் சாப்பாட்டுக் கடைக்குப் போனோம்.

யோசனை அக்கா மகனுடையது. சுசீந்திரம் தாண்டி கன்னியாகுமரி போகிற வழியில் புதிதாக ஒரு கடை திறந்திருக்கிறார்கள், பத்துப் பன்னிரண்டு மேசைதான், சைவத்துக்குத் தனிப்பக்கம் இருக்கிறது என்று ஒரு வாரமாகப் பிடுங்கி எடுத்தான். எனக்கு அவ்வளவு ஆர்வம் இல்லை. காரணம் பழைய சூடு.

சில வருஷங்களுக்கு முன்பு சென்னையில், அலுவலகக் கும்பலோடு பெரிய வணிக வளாகத்துக்குள் இருந்த ஒரு தாய் உணவகத்துக்குப் போயிருந்தேன். வெஜ் என்று அழுத்திச் சொல்லித்தான் பப்பாளிக்காய் சாலட் வாங்கினேன். அருமை. உப்பு, புளிப்பு, இனிப்பு, உறைப்பு எல்லாம் ஒரே வாயில் வந்தன. நடுநடுவே மொறுமொறுவென்று ஏதோ அகப்பட்டது. வேர்க்கடலைத் தூள் என்றுதான் நினைத்தேன். பாதித் தட்டு காலியான பிறகு முள்கரண்டியில் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. இளஞ்சிவப்பு நிறம், சுருண்ட முதுகு, கடுகளவு கண். காய்ந்த கூனி இறால். பரிமாறியவரைக் கூப்பிட்டேன். அவர் பதறவே இல்லை. "அது ஃப்ளேவருக்குத்தான் மேடம். நான்வெஜ் பீஸ் எதுவும் கிடையாது."

பீஸ் கிடையாது! அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று விளங்கியது. பாதி உணவகங்களின் சைவம் குஸ்கா சைவம். பிரியாணிச் சட்டியிலிருந்து துண்டை ஒதுக்கிவிட்டுச் சோற்றை மட்டும் அள்ளி வைத்தால் குஸ்கா ஆகிவிடுகிறது அல்லவா, அதே கணக்கு. தட்டில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எதுவும் கிடக்கக் கூடாது, அவ்வளவுதான்.

தாய், வியட்நாம் சமையலில் இந்தக் கணக்கு இன்னும் மோசமாக உதைக்கும். நம் ஊரில் மீன் சட்டிக்குள் இருக்கும். அங்கே குப்பிக்குள் இருக்கிறது. வியட்நாமில் அதற்கு நுவாக் மாம் என்று பெயர், தாய்லாந்தில் நாம் ப்லா. நெத்தோலியையும் உப்பையும் மரத்தொட்டியில் அடுக்கி ஒரு வருஷம்போல் ஊறவிட்டு அடியில் இறங்குகிற சாற்றைப் பிடிப்பார்கள். தேன்நிறத்தில் தெளிவாக இருக்கும். வியட்நாமின் ஃபூ குவாக் தீவில் எடுக்கிற சாற்றுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2012-லேயே புவிசார் பாதுகாப்புக் கொடுத்துவிட்டது, நம் மட்டிப்பழத்துக்குக் குறியீடு கிடைத்த மாதிரி. உப்புக்குப் பதிலாக இதைத்தான் விடுகிறார்கள். ஆகவே "மீன் போடாதீங்க" என்று சொன்னால் சமையல்காரர் மனசாட்சிப்படியே மீன் துண்டைப் போட மாட்டார். குப்பியைச் சாய்ப்பதை அவர் மீன் போடுவதாகவே நினைப்பதில்லை. நாம் சாம்பாரில் பெருங்காயம் போடுவதை ஒரு காரியமாகச் சொல்வோமா?

தாய்க் குழம்பு விழுதிலும் இதே தொல்லை. சிவப்போ பச்சையோ, அரைக்கும்போதே காப்பி என்கிற இறால் விழுதும் சேர்ந்துவிடும். நாம் குடிக்கிற காப்பி இல்லை. கடையில் விழுதை டப்பாவாக வாங்குகிற சமையல்காரருக்கு அதைப் பிரித்தெடுக்க வழியே இல்லை. டாம் யம் என்கிற புளிப்பும் உறைப்புமான தாய் சூப்பில் கலக்கிற மிளகாய் விழுதிலும் காய்ந்த இறால் உண்டு. ஃபா என்கிற வியட்நாம் நூடுல்ஸ் சூப்புக்கு அடித்தண்ணீரே எலும்பு வேகவைத்ததுதான்.

இதையெல்லாம் அக்கா மகனிடம் சொன்னேன். "சித்தி, அதுக்குத்தான் தனிப்பக்கம்னு சொல்லுகேன்லா," என்றான். பெரியம்மையை அவன் மடக்கிய விதம் வேறு. மார்கழியில் சுசீந்திரம் தேர் வரைக்கும் விடியற்காலை திருவெம்பாவை முணுமுணுக்கிறவள் அவள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, "ஆச்சி, தாய்லாந்து அரண்மனைப் பிராமணங்க நம்ம திருவெம்பாவை பாடுவாங்க, தெரியுமா? அந்த விழாவுக்கே திரியம்பாவைன்னாக்கும் பேரு," என்று ஊதினான். உண்மைதான். திருவெம்பாவையும் திருப்பாவையும் தாய் நாக்கில் உருண்டு திரியம்பாவை, திரிபாவை என்று ஆகிவிட்டன. பெரியம்மை கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்ப அவங்க சாப்பாட்டையும் ஒருநாள் பாத்துரலாம்," என்றாள்.

சைவப் பக்கத்தின் தலைப்பில் ஒரே சொல். ரோமன் எழுத்தில் சி, எச், ஏ, ஒய். பரிமாறுகிற பையன் அதைச் "ச்சை" என்று படித்துக் காட்டினான்.

"வந்து உக்காந்ததும் ச்சைங்கானே," என்றாள் பெரியம்மை.

வியட்நாமிய மொழியில் சைவச் சாப்பாட்டுக்கு அதுதான் பெயர். இந்தச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வியட்நாமில் இருப்பது பெரும்பாலும் மகாயான பௌத்தம். துறவிகள் மாமிசம் தொடுவதில்லை. வீட்டு மனிதர்களிலும் நிறையப் பேர் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் ச்சை சாப்பிடுவார்கள். நம் அமாவாசை, பௌர்ணமி கணக்குதான். அதனால் அங்கே சைவச் சமையல் தனியாகவே வளர்ந்திருக்கிறது. அதற்கென்று கடைகள் உண்டு, அடித்தண்ணீர் உண்டு, மீன்சாற்றுக்கு மாற்றும் உண்டு. தாய்லாந்தில் இருப்பது பௌத்தத்தின் இன்னொரு பிரிவான தேரவாதம். துறவிகள் பிச்சைப் பாத்திரத்தில் விழுந்ததைச் சாப்பிடுவார்கள், அதில் மாமிசமும் இருக்கும். ஆனால் சீன வழியில் வந்த ஜே விரதம் அங்கே வருஷத்துக்கு ஒன்பது நாள் நடக்கிறது. ஃபூக்கெட்டில் அது பெரிய திருவிழா. அந்த நாட்களில் கடைக்குக் கடை மஞ்சள் கொடி, அதில் சிவப்பு எழுத்து. வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது. பெரும்பாலும் நம் நவராத்திரியை ஒட்டியே வரும். கொலு வைத்துச் சுண்டல் அவிக்கிற ஒன்பது நாளும் அங்கே அவர்கள் பூண்டை ஒதுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

தாயில் இன்னொரு சொல்லும் இருக்கிறது: மங்ஸவிரத். வடமொழி மாம்ஸ விரதி. விலகி நிற்பது என்று பொருள் தருகிற விரதி, நம் விரதம் இல்லை. மங்ஸவிரத் என்றால் முட்டை, பால் வரலாம். ஜே என்றால் இரண்டும் வராது. ஆகவே அந்த நாட்டு உணவகத்துக்குள் நுழைகிற நம் ஆட்கள் வெஜ், ப்யூர் வெஜ் என்று மல்லுக்கட்டுவதைவிட, அவர்கள் சொல்லையே சொல்லிவிடுவது மேல். ச்சை என்றாலும் ஜே என்றாலும் தேர்ந்த சமையல்காரருக்குக் கை தானாக வேறு குப்பிக்குப் போகும். வெஜ் என்றால் துண்டை எடுப்பதோடு நின்றுவிடும்.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன்.

முதலில் வந்தது கோய் குவான். அரிசித்தாளில் சுருட்டிய உருளை. தாள் என்பது அரிசி மாவைத் துணிமேல் மெல்லிசாக ஊற்றி ஆவியில் வேகவைத்து, மூங்கில் தட்டியில் வெயிலில் காயப்போட்டது. நம் வீட்டு வத்தலுக்குத் தங்கச்சி. அதைத் தண்ணீரில் நனைத்தால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். உள்ளே இருக்கிற கேரட்டும் புதினாவும் வெளியே தெரிந்தன. கூடவே இடியாப்பம் மாதிரி வெள்ளை நூல், வறுத்த டோஃபு. பெரியம்மை ஒரு உருளையை நிமிர்த்தி வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "பச்சைப்பிள்ளையத் துணியில சுத்தின மாதிரி இருக்கு," என்றாள். கடித்தாள். தலையாட்டினாள். நல்ல சகுனம்.

தொட்டுக்கொள்ள ஒரு சின்னக் கிண்ணம். தெளிந்த பழுப்புச் சாறு, மேலே நறுக்கிய மிளகாய். பெரியம்மை உருளையை அதில் தோய்க்கக் கொண்டுபோனாள். கை பாதியில் நின்றது. கிண்ணத்தைத் தூக்கி மூக்குக்கு அரை அடி தள்ளிப் பிடித்தாள், அவ்வளவுதான்.

"இதுல நெத்தோலி கெடக்கு."

பையன் சிரித்தான். "இல்ல ஆச்சி, வெஜ்தான். எலுமிச்சம்பழமும் சீனியுமாக்கும்."

"எலுமிச்சம்பழம் இருக்கு, சீனி இருக்கு, பூண்டு இருக்கு. நெத்தோலியும் இருக்கு. கருவாடு இல்ல, ஊறின நெத்தோலி."

நான் முகர்ந்து பார்த்தேன். எனக்கு எலுமிச்சைதான் தெரிந்தது. அக்கா மகன் கிண்ணத்தில் விரலை விட்டு நக்கிவிட்டு, "நல்லா இருக்கே," என்றான். (அவன் வெளியே எல்லாம் சாப்பிடுவான். பெரியம்மைக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருப்பாள்.) பையன் முகத்தில் சிரிப்பு குறைந்தது. உள்ளே போனான். கொஞ்ச நேரத்தில் சமையல்காரரே கை துடைத்துக்கொண்டு வந்தார். ஐம்பது வயதிருக்கும். கப்பலில் சமையல் வேலை, அப்புறம் பாங்காக்கில் சில வருஷம் என்று பிறகு சொன்னார்.

"யாரு கண்டுபிடிச்சது?"

பையன் பெரியம்மையைக் காட்டினான்.

அவர் கிண்ணத்தை வாங்கி முகர்ந்தார். முகம் சுருங்கியது. "தப்புதான் ஆச்சி. பக்கத்து மேசைக்கு எடுத்து வச்சதை இவன் இங்க கொண்டாந்துட்டான். நான் கடப்புறத்துக்காரன். எனக்கே இவ்வளவு எலுமிச்சைக்குள்ள சட்டுன்னு தெரியாது. உங்களுக்கு எப்படி?"

"எனக்குத் தெரியாம பின்ன யாருக்குத் தெரியும் மக்ளே? எழுபத்தஞ்சு வருசமா மோந்துக்கிட்டுத்தான இருக்கேன்."

அந்த இடத்தில் பெரியம்மை எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். எழவில்லை. அவளுடைய சைவத்தில் ரோஷம் குறைவு என்று எனக்கு எப்போதும் தோன்றும். தான் சாப்பிட மாட்டாள், அவ்வளவுதான். அடுத்தவர் தட்டைப் பார்த்து முகம் சுளிக்க மாட்டாள். நம் ஊரில் முகம் சுளிக்கிற சைவம் நிறையவே உண்டு. எனக்கு அது பிடிக்காது. காலையில் மீன்காரியிடம் சுகம் விசாரிக்கிற வீட்டில் வளர்ந்தவளுக்கு அது வரவும் வராது.

ஐந்து நிமிஷத்தில் வேறு கிண்ணம் வந்தது. பார்க்க அதே நிறம். பெரியம்மை முகர்ந்தாள், புருவத்தைத் தூக்கினாள். "கைதச்சக்கையா?"

அன்னாசிப்பழமேதான். ச்சை சமையலில் மீன்சாற்றுக்கு மாற்றாக அன்னாசியில் ஒரு சாறு செய்வது வியட்நாமில் வழக்கம். இவர் செய்கிற முறையைச் சொன்னார். பழத்தைத் தோல் சீவி, நடுத்தண்டை எறியாமல் அதோடேயே நறுக்கி, உப்பும் கொஞ்சம் சீனியும் போட்டுப் பிசிறி வைக்க வேண்டும். தண்ணீர் விட்டுக்கொண்டதும் காளான் வேகவைத்த தண்ணீரும் சோயா சாறும் சேர்த்துச் சிறுதீயில் மணிக்கணக்கில் வற்றவிட்டு வடிகட்ட வேண்டும். பழம் குலசேகரம் பக்கத்திலிருந்து வருகிறதாம், ரப்பர் கன்றுகளுக்கு ஊடே நடுகிற அன்னாசி. தொட்டு நாக்கில் வைத்தேன். முதலில் உப்பு, பிறகு லேசான புளிப்பு, கடைசியில் அடித்தொண்டையில் ஒரு கனம். அந்தக் கனத்துக்குத்தான் அவர்கள் மீனைத் தேடுகிறார்கள் போலிருக்கிறது.

அடுத்து பான் ஸெயோ. அரிசி மாவில் தேங்காய்ப்பாலும் மஞ்சளும் கலந்து, சூடான சட்டியில் ஊற்றிச் சுழற்றி, முளைகட்டிய பயறை வைத்து மடித்தது. ஸெயோ என்பது மாவு விழும்போது கேட்கிற சத்தமாம். நாம் சொய்ங் என்கிறோம், அவர்களுக்கு ஸெயோ. ஓரம் அப்பளம் மாதிரி நொறுங்கியது. கூடவே ஒரு கூடை இலை: கீரை, புதினா, துளசிக்குச் சொந்தக்காரியாகத் தெரிந்த ஒரு இலை. தோசையைப் பிய்த்து இலையில் சுருட்டிச் சாப்பிட வேண்டும் என்று பையன் செய்து காட்டினான். பெரியம்மைக்கு இது சரிப்படவில்லை. இலை என்றால் அடியில் விரிப்பது, அதைத் தின்பதா? இலைகளை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டுத் தோசையை மட்டும் முழுசாக முடித்தாள்.

டாம் கா வந்ததும் மேசை முழுக்க மருந்துக்கடை வாசம். தேங்காய்ப்பாலில் பேரரத்தையும் எலுமிச்சைப்புல்லும், நாரத்தை இலையை நினைவுபடுத்துகிற ஒரு இலையும் கொதித்த சூப். சளி பிடித்தால் நமக்குச் சித்தரத்தை தட்டிக் கஷாயம் வைப்பார்களே, அந்தக் கஷாயத்துக்குப் பட்டுச்சேலை கட்டிவிட்ட மாதிரி இருந்தது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பெரியம்மை இரண்டு கரண்டி குடித்துவிட்டு, "நெஞ்சுக்கு நல்லது," என்றாள். ருசியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதில் கிடந்த சின்ன மிளகாய் நம் காந்தாரியேதான். தாய் மொழியில் அதற்கு எலிப்புழுக்கை மிளகாய் என்று அர்த்தம் வருகிற பெயராம். அக்கா மகன் சத்தமாகச் சொன்னான், பக்கத்து மேசைக்காரர் கரண்டியைக் கீழே வைத்தார்.

மஸமான் குழம்பை நான் அதிகம் சொல்லப்போவதில்லை. உருளைக்கிழங்கு, வேர்க்கடலை, புளி, பட்டை, ஏலம், தேங்காய்ப்பால். நன்றாகவே இருந்தது. ஆனால் உள்ளித்தீயலும் எரிசேரியும் வைக்கிற வீட்டிலிருந்து போனவர்களுக்கு அது சொந்தக்காரர் வீட்டுச் சாப்பாடுதான்.

எனக்குப் பிடிக்காத ஒன்றும் அந்தப் பக்கத்தில் இருந்தது. ச்சைக் கோழி, ச்சை வாத்து என்று நாலைந்து பெயர். கோதுமை மாவைக் கழுவிக் கழுவி எடுத்த பசையிலும் சோயாவிலும் மாமிசம் மாதிரியே நாரும் தோலுமாகச் செய்வது. கைவேலையாகப் பார்த்தால் பெரிய வித்தைதான். விரத நாளிலும் பழக்கப்பட்ட ருசி வேண்டும் என்கிற ஊரில் அதற்குத் தேவை இருக்கிறது, புரிகிறது. கோழியே தின்னாதவளுக்குக் கோழி மாதிரி எதற்கு? பெரியம்மையிடம் இதை விளக்கினோம். "மீன் தின்னாம இருந்துட்டு மீனை மாதிரி எதையோ திங்கணுமா? அதுக்கு மீனையே தின்னுட்டுப் போகலாம்," என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

கடைசியில் மாம்பழமும் ஒட்டரிசியும். மாம்பழம் பரவாயில்லை. செங்கவருக்கை தின்றவர்களிடம் மாம்பழத்தைக் காட்டி மயக்குவது கஷ்டம். இனிப்பின்மேல் ஊற்றின தேங்காய்ப்பாலில் உப்பு போட்டிருந்தார்கள், அது அந்த ஊர் முறை. பிரதமனில் உப்பு விழுந்தால் வைப்புக்காரரைச் சும்மா விடாத மாவட்டம் இது. எனக்கு மூன்றாவது வாயில் பிடித்துப்போனது. பெரியம்மை முதல் வாயோடு நிறுத்திவிட்டுச் சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"மோர் கெடையாதா?"

கிடையாது. வியட்நாமானாலும் தாயானாலும் அந்தச் சமையல்களில் பாலுக்கும் தயிருக்கும் பெரிய வேலை இல்லை, எல்லாம் தேங்காய்ப்பால்தான். இத்தனை வந்தும் பெரியம்மைக்குச் சாப்பிட்டு முடித்த திருப்தி வராததற்கு அதுதான் காரணம். மோர்ச்சோறு இல்லாமல் எழுந்தால் அவளுக்குப் பந்தியில் பாதியில் எழுப்பிவிட்ட மாதிரி.

பில்லில் அந்த முதல் தட்டுக்குக் காசு போடவில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது சமையல்காரர் ஓடிவந்து ஒரு குப்பியை நீட்டினார். அன்னாசிச் சாறு. பழைய ஜாம் குப்பி, மூடியில் பிளாஸ்டிக் தாள் வைத்து இறுக்கியிருந்தது. "ஆச்சிக்கு," என்றார். அக்கா மகன் வீட்டுக்கு வந்ததும் அதன்மேல் ஒரு தாளை ஒட்டி, "மீன் இல்லாத மீன்சாறு" என்று பேனாவால் எழுதி ஃபிரிஜ்ஜில் வைத்தான். அந்தப் பெயருக்காகவே நாலு நாள் யாரும் தொடவில்லை.

ஐந்தாம் நாள் மாலை மரச்சீனிக் கிழங்கு அவித்திருந்தேன். எங்கள் மாவட்டத்தில் மரச்சீனி என்றால் கூடவே மீன்கறி. அவித்த கிழங்கின்மேல் சிவப்பாக அந்தச் சாறு ஊறுவதைப் பக்கத்து வீடுகளில் பார்த்துப் பார்த்துத்தான் நாங்கள் வளர்ந்தோம். எங்களுக்கு எப்போதும் காந்தாரியும் உள்ளியும் உப்பும் வைத்து நசுக்கின சம்மந்திதான். அன்றைக்கும் அதைத்தான் நசுக்கினேன். பெரியம்மை அடுக்களைக்குள் வந்தாள். குப்பியை எடுத்தாள். ஒட்டியிருந்த தாளை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, சம்மந்தியில் இரண்டு கரண்டி விட்டு, தேங்காயெண்ணெய் நாலு சொட்டு விட்டுக் குழைத்தாள். கிழங்கைத் தொட்டு வாயில் வைத்தாள். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"இதுக்குத்தான் இவளுவ கிழங்கு வாங்குன கையோட மீன்காரிய விளிச்சிருக்காளுவ," என்றாள்.

குப்பி மூன்றே நாளில் காலி. கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தேன், அந்தப் பக்கம் போகும்போது திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று. பெரியம்மை அதைப் பார்த்துவிட்டாள்.

"வெறுங்குப்பியாவா கொண்டுபோய்க் குடுப்ப? பரண்ல நாரத்தங்காய் ஊறுகாய் இருக்கு பாரு. நிறைச்சுக் கொண்டுபோ. அவன்கிட்ட சொல்லு, இதுல நெத்தோலி இல்லன்னு."